ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வரி

முதல் நாள் அந்த அக்கா கையில் வைத்திருந்த நீல நிற ஃபைலை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். மூடியின் ஒரு முனை உடைந்து, அதன்மேல் செல்லோடேப் ஒட்டி, அந்த டேப்பும் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. கடலூரிலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்திருக்க வேண்டும். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றார். நான் யாருடைய ஆய்வேட்டிலோ பொருளடக்கத்தை நேர்செய்துகொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே "உள்ள வாங்க" என்றேன்.

"தம்பி, பிசிக்ஸ் டைப் பண்ணுவீங்களா? ஈக்குவேஷன் ஜாஸ்தி இருக்கும்."

"அதெல்லாம் பண்ணிடலாம்கா. என்னா டாபிக்கு?"

"சூரியன் எப்படிச் சாவும்னு."

"எந்தச் சூரியன்கா, நம்ப சூரியனா?"

அவர் சிரிக்கவில்லை. ஃபைலை என் மேசைமேல் வைத்துவிட்டு, "ஆமா, நம்புளுதுதான். நீங்க வேற எதுனா ஸ்டாக் வச்சிருந்தா காட்டுங்க, பாக்கறேன்" என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் கடைக்கு வருகிற ஆய்வாளர்கள் பெரும்பாலும் பயந்த முகத்தோடு வருவார்கள். நான் கிண்டல் செய்தால் ஒன்று கோபப்படுவார்கள், இல்லாவிட்டால் இன்னும் பயப்படுவார்கள். திருப்பிக் கொடுத்த முதல் ஆள் இவர்தான்.

கடை என் தாய்மாமாவுடையது. சிதம்பரத்தை ஒட்டி, அண்ணாமலை நகரில் இருக்கிறது. ஆய்வேடு தட்டச்சு செய்வது, ஜெராக்ஸ் எடுப்பது, பைண்டிங் போடுவது, இதுதான் தொழில். எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருந்தாலும், சுற்று வட்டாரத்தில் ஆய்வேடு அடிக்க வேண்டுமென்றால் இங்கேதான் வருவார்கள். அக்காவின் பதிவும் வேறு ஊரில்தான் இருந்தது. நான் பிளஸ் டூவில் பிசிக்ஸில் இரண்டு முறை தோற்றவன். மூன்றாவது முறை எழுதப் பணம் கட்டிவிட்டு, பரீட்சை அன்று காலையில் மாமா கடையில் உட்கார்ந்து யாருக்கோ ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். அதோடு படிப்பு முடிந்தது. படிப்பு முடிந்த பிறகு நான் அடித்த முனைவர் பட்ட ஆய்வேடுகள் நூற்றுக்கு மேல் இருக்கும். நெல், மண், சோழர் செப்பேடு, கூட்டுறவு, இறால் நோய் என்று எல்லாமே என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றும் மண்டையில் நின்றதில்லை. அக்காவின் சூரியன் மட்டும் நின்றுவிட்டது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அதைத் தொழில் முறை என்றுதான் அப்போது சொல்லிக்கொள்வேன். ஒவ்வொரு ஆய்வேட்டிலும் ஏதாவது ஓர் அத்தியாயத்துக்கு நடுவில் சம்பந்தமில்லாத ஒரு வரியை நானே சேர்த்துவிடுவேன். அதற்குக் கள்ள வரி என்று பெயர் வைத்திருந்தேன். ஆய்வாளர் புரூஃப் பார்க்கும்போது அதைக் கண்டுபிடித்தால் அவருக்கு என் செலவில் டீ. நெல் ரகங்களைப் பற்றி எழுதிய ஒருவருடைய ஆய்வேட்டில், 'இந்த ரகத்தைப் பொங்கிப் போட்டால் மாமியார் திட்டமாட்டார்' என்று ஆங்கிலத்தில் அடித்து வைத்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்து, இரண்டு டீ குடித்தார். கண்டுபிடிக்காதவர்கள்தான் அதிகம். எழுதியவர்களே தங்கள் எழுத்தைப் படிப்பதில்லை என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அவர்களுக்காக நானே கடைசியில் எடுத்துவிடுவேன். இதற்கென்று மானிட்டர் பக்கத்தில் ஒரு சீட்டைக் குத்தி வைத்திருப்பேன். எந்த ஆய்வேடு, எந்தப் பக்கம் என்று அதில் எழுதியிருக்கும். வரியை நீக்கியதும் சீட்டில் அந்தக் குறிப்பைக் கோடு போட்டு அடித்துவிடுவேன். அடிக்காமல் எதையும் பிரின்ட் போடக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். "என்னைக்காவது ஒருத்தன் வவுத்துல அடிக்கப் போற, பாரு" என்று மாமா திட்டுவார். நான் அவரிடமும் சிரிப்பேன்.

அக்கா என் கள்ள வரிகளை ஒன்றுவிடாமல் பிடித்தார். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் எனக்குப் பதிலும் எழுதிக் கொடுப்பார். முதல் அத்தியாயத்தில், சூரியன் பிறந்து நானூற்றறுபது கோடி ஆண்டு ஆகிறது என்ற இடத்தில், 'பிறப்புச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது' என்று சேர்த்தேன். 'தாசில்தார் கையெழுத்து எங்கே?' என்று வட்டத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் அத்தியாயம் எல்லாவற்றுக்கும் டீ. அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. திருமணம் ஆகவில்லை. கடலூரில் அம்மாவோடு இருந்தார். ஒரு தனியார் கல்லூரியில் பத்து வருடமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். முனைவர் பட்டம் இல்லாதவர்களை அடுத்த கல்வியாண்டிலிருந்து வைத்துக்கொள்ள முடியாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஆய்வுக்கான பதிவுக் காலமும் அந்த மார்ச்சோடு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு தடவை நீட்டித்தாயிற்று, இனி நீட்டிக்க மாட்டார்கள். "சூரியனுக்கு இன்னும் ஐந்நூறு கோடி வருஷம் டைம் இருக்குதுடா. எனக்கு நாலு மாசந்தான்" என்று ஒரு நாள் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் அதற்கும் ஏதோ கிண்டல் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அவருடைய அம்மா ஜெபக் கூட்டத்துக்கு ஒரு நாளும் தவறாமல் போகிறவர். மகள் எதைப் பற்றி ஆராய்கிறாள் என்று தெரிந்துகொண்டதும், "உலகம் அழியும்னு பைபிள்லயே போட்டுருக்கு. இதுக்கு எதுக்குடி ஏழு வருஷம் படிக்கற?" என்றாராம். அக்கா இதை என்னிடம் அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

டைப் அடிக்க அடிக்கத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. சூரியன் நின்று எரிகிற விளக்கு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். கொஞ்சம் கொஞ்சமாக அதன் வெளிச்சம் ஏறிக்கொண்டே இருக்கிறது. இன்னும் நூறு கோடி ஆண்டு போனால் கடல் தாங்காது, ஆவியாகிவிடும். அந்தப் பக்கத்தை அடித்த அன்று, "அப்ப கடலூர் சில்வர் பீச்சுலேருந்து நேரா நடந்தே அந்தமான் போயிடலாமாக்கா?" என்று கேட்டேன். "போலாம். ஆனா கால் சுடும், செருப்பு போட்டுக்க" என்றார். பிறகு நடு வயிற்றில் இருக்கிற ஹைட்ரஜன் தீர்ந்து, சூரியன் சிவந்து வீங்கத் தொடங்கும். புதனை விழுங்கும். வெள்ளியை விழுங்கும். அதற்கு அடுத்தது நாம்.

அக்காவின் கேள்வி அங்கேதான் இருந்தது. வீங்குகிற சூரியன் தன் உடம்பையே வெளியே ஊதித் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் எடை குறையும், பிடி தளரும், கோள்கள் எல்லாம் விலகிப் போகும். பூமியும் விலகிப் போகும். அப்படியானால் பூமி தப்பிக்கலாம். ஆனால் வீங்கிய சூரியன்மேல் பூமியின் ஈர்ப்பு ஒரு புடைப்பை எழுப்பும். அந்தப் புடைப்பு பின்தங்கி நின்று பூமியைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் தளர்கிற பிடி, இன்னொரு பக்கம் இழுக்கிற இழுப்பு. எது ஜெயிக்கும்? நூற்றெழுபது பக்கமும் இந்த ஒரு கேள்விதான்.

ஐந்தாம் அத்தியாயத்துக்கு நான் வரைந்து கொடுத்த படத்தில் இரண்டு கோடுகள் இருந்தன. சிவப்புக் கோடு சூரியனின் விளிம்பு, நீலக் கோடு பூமியின் பாதை. இரண்டும் மேலே ஏறும். முதலில் நீலம் முன்னால் போகும். பிறகு ஓரிடத்தில் சிவப்பு அதைத் தொட்டுவிடும். அக்கா வாரம் ஒரு முறை வந்து புது எண்களைக் கொடுப்பார், நான் திரும்ப வரைவேன். எடையிழப்பை வேறு வாய்பாட்டில் போட்டுப் பார்த்தார், இழுப்பைக் குறைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் சிவப்பு போய் நீலத்தைத் தொட்டது.

"எத்தினி தடவைக்கா வரையறது? அதான் செத்துருதுல்ல, வுடுங்களேன்."

"ஒரே ஒரு தடவையாச்சும் தொடாம போவுதான்னு பாக்கறேன்டா. கணக்குல எடம் இருக்குது. இல்லாம இல்ல."

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் எதிர்க்கடையில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்தேன். நீலக் கோட்டுக்கான எண்களில் கடைசி நான்கை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். திரையில் நீலம் வளைந்து மேலே போயிற்று. சிவப்பு அதற்குக் கீழேயே நின்றுவிட்டது. அக்கா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, தப்பிச்சிடுச்சி பாருங்க."

அவர் திரையைப் பார்த்தார். கைப்பையைத் தோளிலிருந்து எடுக்கக்கூட இல்லை. "எப்டிடா?" என்றார். குரல் மாறியிருந்தது. "எந்த வேல்யூவப் போட்ட? மூணாவதா குடுத்ததா? அதுலயா?" கை தானாக ஃபைலைத் தேடியது. இரண்டு நிமிடம் இருக்கும். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பிறகு என் வாய் கோணுவதைப் பார்த்துவிட்டார்.

"ஏய்..."

"சும்மாக்கா. நானே ஏத்திவுட்டேன்."

"பழைய நம்பரப் போடு" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. நான் பழைய எண்களைப் போட்டேன். சிவப்பு மறுபடியும் போய்த் தொட்டது. "சரி, அதான் ரிசல்ட்டு. தப்பிக்கலன்னு எழுதிடலாம்" என்றார். இறுக்கமாக இருந்த கடையைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "கவலப்படாதீங்கக்கா. கடலூர்ல இருக்கறவங்கள்லாம் சிதம்பரத்துக்கு வந்துடுங்க. எங்க வீட்ல எடம் இருக்குது" என்றேன். இந்த முறை சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். எது சிரித்ததால் வந்தது, எது வேறு எதனால் வந்தது என்று எனக்குத் தெரியாது.

அந்த வாரம் ஐந்தாம் அத்தியாயத்துக்குக் கள்ள வரி தேட வேண்டியிருக்கவில்லை. பூமி தப்பிப்பது அரிது என்று முடிகிற பத்திக்குக் கீழே, 'கடலூர் மக்கள் சிதம்பரத்துக்கு மாறிக்கொள்ளலாம்' என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் அடித்து வைத்தேன். சீட்டில் பக்க எண்ணை எழுதினேன். அவருக்கான டீயும் தயார்தான்.

ஆனால் அந்த அத்தியாயத்தை அக்கா புரூஃப் பார்க்கவில்லை. அவருடைய அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து, கடலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலையில் அவசரமாக வந்தவர், முழு ஆய்வேட்டையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, "அம்மா பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த அவசரத்தில் விளையாட்டு வேண்டாம் என்று, வியாழக்கிழமை நான் என் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியைத் திறந்து கள்ள வரியை நீக்கினேன். சீட்டில் அடித்தேன். சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெயில் வந்தது. கூடவே போனும் வந்தது. பின்னணியில் ஆஸ்பத்திரி சத்தம்.

"தம்பி, அஞ்சாவது சாப்டர் படத்துல ஒரு நம்பர் தப்பா கெடந்துது. திருத்தி அனுப்பிருக்கேன். இதுதான் ஃபைனல், இதையே போட்டுடு. மத்ததெல்லாம் பாக்க முடியல. நீ ஒரு தடவ பாத்துக்க."

"நான் பாத்துக்கறேன்கா. நீங்க அம்மாவப் பாருங்க."

பார்த்தேன். பக்க எண்களைப் பார்த்தேன், படங்கள் இடம் மாறாமல் இருக்கின்றனவா என்று பார்த்தேன், சீட்டைப் பார்த்தேன். சீட்டில் அடித்திருந்தது. அடித்திருந்தது என் பிரதிக்கு. அவர் அனுப்பியிருந்தது புதன்கிழமை எடுத்துப் போன பிரதி, வரியை நான் நீக்குவதற்கு முந்தையது. இது ஒரு குழந்தைக்கும் புரிகிற விஷயம். அன்று எனக்குப் புரியவில்லை. ஐந்து பிரதிகள் பிரின்ட் போட்டு, கறுப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து, முதுகில் அவர் பெயர் என்று மத்தியானத்துக்குள் முடித்தோம். மாமாவே நின்று பசை தடவினார். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். தலைகூட வாரவில்லை. நான் வண்டியில் கூட்டிக்கொண்டு போய் ரயில்வே ஸ்டேஷனில் விட்டேன். சாயங்காலம் போன் செய்தார். "குடுத்துட்டேன்டா. வாங்கிக்கினாங்க. அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், முடிச்சிட்டேன்மான்னு." அதற்கு ஒன்பதாம் நாள் அம்மா போய்ச் சேர்ந்தார். மகள் டாக்டர் ஆகிவிட்டாள் என்ற நினைப்போடு போனார்.

ஏழு மாதம் கழித்து, ஒரு காலையில், அக்கா கடைக்கு வந்து, பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பிய கறுப்பு அட்டைப் புத்தகத்தை என் விசைப்பலகைமேல் விரித்து வைத்தார். ஐந்தாம் அத்தியாயம். என் வரிக்குக் கீழே யாரோ பென்சிலால், அளவுகோல் வைத்து, நேராகக் கோடு போட்டிருந்தார்கள். கடையில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கடலூர், சிதம்பரம் என்ற இரண்டு பெயர்களையும் படித்துவிட்டார். சூரியனைப் பற்றிய புத்தகத்தில் அவை இருக்க நியாயம் இல்லை என்றும் அவருக்குத் தெரியும். மெஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அவர் என்னை அன்றைக்கு அடித்திருக்கலாம்.

ஆய்வேட்டைப் படித்த இரண்டு தேர்வாளர்களில் ஒருவர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். இன்னொருவர் கணக்கில் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைக் காட்டி, இந்த ஆய்வேட்டை எழுதியவர் இதை ஒரு முறையாவது படித்தாரா, முதலில் இதை எழுதியவர் இவர்தானா என்று கேட்டிருந்தார்.

"நான் வர்றேன்கா. நான்தான் அடிச்சேன்னு எங்க வேணும்னாலும் எழுதிக் குடுக்கறேன். கால்ல வுழுந்து கேக்கறேன்."

"என்னான்னு எழுதுவ? இத அவுங்க எழுதல, கடையில டைப் பண்ற நான்தான் எழுதுனேன்னா?" அக்கா நிதானமாகத்தான் கேட்டார். "அதத்தான்டா அவரும் சொல்றாரு."

உண்மையைச் சொன்னால் அவர்மேல் உள்ள சந்தேகம் உறுதியாகும். பொய் சொன்னால், ஆய்வேட்டில் விளையாடியவர் என்று ஆகும். விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று அவர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார். 'அந்த வரி என்னுடையதுதான், வேடிக்கைக்கு எழுதினேன், எடுக்க மறந்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. திருத்தி மறுபடியும் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் பதிவுக் காலம் முடிந்துவிட்டது, நெறியாளரும் ஓய்வு பெற்றுவிட்டார். மறுபடியும் என்றால் முதலிலிருந்துதான், புதுப் பதிவு, புது நெறியாளர், குறைந்தது மூன்று வருடம். ஆய்வேடு கொடுத்தாயிற்று என்று அந்த ஒரு வருடம் விட்டுவைத்த கல்லூரி, இன்னும் மூன்று வருடத்துக்குக் காத்திருக்கவில்லை. அடுத்து வந்த மே மாதத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

ஜூனில் ஒரு நாள் கடலூருக்கு அவர் வீட்டுக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போனேன், ஏதோ நோயாளியைப் பார்க்கப் போகிறவன் மாதிரி. உள்ளே கட்டில்மேல் அம்மாவின் பைபிளும் கண்ணாடியும் அப்படியே இருந்தன. மூலையில், திரும்பி வந்த நான்கு கறுப்புப் புத்தகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, அதன்மேல் இஸ்திரிப் பெட்டி. நான் அழுதுவிட்டேன். அக்கா என்னை அழவிட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"திரும்பப் பதிஞ்சிக்குங்கக்கா. ஒரு எழுத்து பாக்கி இல்லாம நானே முழுசும் அடிச்சித் தரேன்."

"வேணாம்டா. முடியல."

"என்னத் திட்டவாச்சும் திட்டுங்களேன்."

"திட்டலாம்னுதான் பாக்கறேன்." வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த வரியப் படிச்சா எனக்கு இப்பவும் சிரிப்பு வருதுடா. அதான் தாங்கல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெயில் பட்ட பக்கமாக உட்கார்ந்திருந்தேன். எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே ஒரு நாள் எரிந்து போகப் போகிறது, இந்த ரோடு, இந்த உப்பனாறு, பல்கலைக்கழகங்கள், பட்டங்கள், தங்க எழுத்து போட்ட அத்தனை புத்தகங்களும். அப்படி இருக்க ஒருத்தர் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆலப்பாக்கம் வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. சூரியன் சாவதற்கு யாரும் காரணமில்லை. அது தன் கணக்கில் சாகிறது. இதற்குக் காரணம் நான். கோடிக்கணக்கான ஆண்டுகளை எதிரே நிறுத்திப் பார்த்தாலும் இது சிறியதாகவில்லை.

கடைசி அத்தியாயத்தில் ஒரு பக்கம் உண்டு. எல்லாம் முடிந்த பிறகு சூரியன் சுருங்கி, பூமியின் அளவுக்கு, வெள்ளையாகக் கனல்கிற ஒரு கரியாகக் கிடக்கும். வியாழனும் சனியும் விழுங்கப்படாமல் மிஞ்சும். ஆறிக்கொண்டே போகிற அந்தக் கரியை, இருட்டில், முன்னைவிடத் தள்ளி நின்று சுற்றிக்கொண்டிருக்கும். அதை அடித்த நாளில் அவை இரண்டும் அதிர்ஷ்டம் செய்தவை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

அக்கா இப்போது கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் லேபில் வேலை பார்க்கிறார். பாட்டில்களில் வருகிற தண்ணீரைச் சோதித்து, எண்களை எழுதுகிற வேலை. கம்பெனி பஸ் காலை ஆறே முக்காலுக்கு வரும். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் நான் போன் செய்வேன். "என்னாடா, யாரையாச்சும் சிரிக்க வச்சியா?" என்று கேட்பார். இல்லை என்பேன். கள்ள வரியை நிறுத்தி நாலு வருடமாகிறது. பழைய ஆய்வாளர்கள் யாராவது வந்தால், "எங்கப்பா உன் வரி, டீ தர வேண்டியிருக்கும்னு வுட்டுட்டியா?" என்று கேட்பார்கள். மாமா அவர்களுக்குத் தன் செலவில் டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

போன மாதம் விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். இயற்பியல் ஆய்வாளன், பயந்த முகம். விண்மீன்களின் முதுமை பற்றி ஏதோ செய்கிறான். இதற்குமுன் யார் யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொல்கிற அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போய்விட்டான். அடித்துக்கொண்டே போனேன். பதினோராம் பக்கத்தில் என் கை நின்றது. எடையிழப்புக்கு அதே வாய்பாடு. இழுப்புக்கு அதே எண். பூமி தப்பிப்பது அரிது. அடைப்புக்குறிக்குள் ஒரு வெளிநாட்டுப் பெயர், எனக்கு உச்சரிக்க வராத பெயர். பெயருக்குப் பக்கத்தில் இருந்தது, அக்கா ஆய்வேட்டைக் கொடுத்ததற்கு அடுத்த வருடம். யாரும் யாரிடமிருந்தும் திருடவில்லை, அது எனக்குத் தெரியும். கணக்கை யார் போட்டாலும் விடை அதுதான். அந்த மனிதர் அக்காவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை. அவருக்கு முன்னால் அந்த இரண்டு கோடுகளும் தொட்டுக்கொண்டதைப் பார்த்தவர் ஒருவர் இருந்தார் என்று இன்னும் நினைவில் வைத்திருப்பவன், பிசிக்ஸில் இரண்டு முறை தோற்ற நான் மட்டும்தான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் பார்த்து அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து வெளியே வந்து பேசினார். பதினோராம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"அவரு எந்த வருஷம்?"

சொன்னேன்.

"ம். சரியாத்தான் பண்ணிருக்காரு."

"அக்கா, இதுல உங்க பேரச் சேத்துடட்டா? அந்தப் பையனுக்குத் தெரியவா போவுது? உங்க பேரு, உங்க வருஷம், அவரு பேருக்கு முன்னாடி."

"டேய்." குரலில் கோபம் இல்லை, ரொம்பக் களைப்பு இருந்தது. "அவன் பொழப்புலயும் கை வைக்காத. குடுத்தத அப்பிடியே அடி. தப்பு இல்லாம அடி."

மணி அடித்துவிட்டது, உள்ளே போக வேண்டும் என்றார். போன் நின்றது.

அந்த வெளிநாட்டுப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன். வருடத்தை அடித்தேன். அடைப்புக்குறியை மூடினேன். அந்தப் பையன் சாயங்காலம் வருவதற்குள் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். பிழை ஒன்றும் இல்லை.